பொம்மைப் பையும் எண்பத்தெட்டாம் அட்டையும்

ஒரு பொம்மை குழந்தையின் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பதினொரு காரியங்கள் நடந்தாக வேண்டும். எண்ணுவது, கழுவுவது, உலர்த்துவது, இழுத்துப் பார்ப்பது, தேய்த்துப் பார்ப்பது, டப்பாவில் போட்டுப் பார்ப்பது, எண் ஒட்டுவது, பதிவேட்டில் ஏற்றுவது, தாய்க்கு விளையாடிக் காட்டுவது, தாயை விளையாட வைப்பது, கையெழுத்து வாங்குவது. இதில் பத்தாவதுதான் கடினம். வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணை, தெருவே வேடிக்கை பார்க்க, தவளை மாதிரி தாவச் சொல்ல வேண்டும். தாவாவிட்டால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பொம்மைப் பை கிடையாது. விதி அப்படி.

அங்கன்வாடி மேற்பார்வையாளர் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. இருந்தும் போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பரிசு வாங்கப் போன இடத்தில், பழக்க தோஷத்தால், யானைப் பொம்மையின் காதை இழுத்துப் பார்த்தேன். காது கையோடு வந்துவிட்டது. "இதை மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது" என்றேன். "உங்க கையிலதாம்மா குடுக்கக் கூடாது" என்றார் கடைக்காரர். ஒற்றைக்காது யானை இப்போது என் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருக்கிறது.

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தாள். "மேடம், இப்பல்லாம் பை கெடையாதுங்க. வாரம் ஒரு வீடியோ, அம்மாங்க குரூப்புல போட்டுடறோம். அந்தக் காலத்துல நீங்க எப்பிடிப் பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், கையேட்டுல சேக்கலாம்" என்றாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது ஆறேழு வருடத்துக்கு முந்தைய காலத்தை. நான் விடுப்பு விண்ணப்பத்தையே இரண்டு பக்கத்துக்குக் குறைவாக எழுதியவள் அல்ல. அவளுக்கு எழுதத் தொடங்கியது வளர்ந்து இப்படி ஆகிவிட்டது.

மனையியலில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தில் தேங்காய் ஓடு, சோளத்தட்டை, தீப்பெட்டி, பழைய காலுறை ஆகியவற்றிலிருந்து நாற்பது பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நான் செய்த காலுறைப் புலி எங்கள் பயிற்சி முதல்வரைப் போலவே இருந்ததால் அதற்கு மட்டும் மதிப்பெண் குறைந்தது. பயிற்சி முடிந்து கண்ணமங்கலம் பக்கத்து மையங்களில் பல வருடம் சுற்றினேன். பிறகு ஆரணிக்கு மாற்றிப் போட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் அலுவலர் விமலா மேடம். சிறிய உருவம், பெரிய கைப்பை. அந்தப் பைக்குள் மூன்று கருவிகள் இருக்கும். முதலாவது, பழைய கேமரா படச்சுருள் வரும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. எந்தப் பொம்மையோ பொம்மையின் பாகமோ அதற்குள் முழுதாக அடங்கினால் அது குழந்தையின் தொண்டைக்குள்ளும் அடங்கும். அதை உடனே ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவது, மீன் கடையில் தொங்கவிடும் வில் தராசு. பொம்மையின் கண், மூக்கு, பொத்தான் எல்லாவற்றையும் அதன் கொக்கியில் மாட்டி இழுப்பார். ஒன்பது கிலோ வரை தாங்க வேண்டும். மூன்றாவது, ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதை நனைத்துச் சாயம் பூசிய பொம்மையை இருபது முறை தேய்ப்பார். துணியில் நிறம் ஒட்டினால் பொம்மைக்கு வேலை போயிற்று.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "அப்படிங்களா." நாம் சரியாகச் செய்திருந்தால் அது கேள்வி. தவறு செய்திருந்தால் அது தீர்ப்பு. இருபது வருடம் ஆசிரியப் பணி செய்துவிட்டு வந்த பெண்கள்கூட அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறார்கள்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் கிலுகிலுப்பை செய்தோம். ஆரணியில் நெல்லுக்கா பஞ்சம், திரும்பிய பக்கமெல்லாம் அரிசி ஆலை. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு பிடி நெல் போட்டு மூடியை ஒட்டி முப்பது வீடுகளுக்கு அனுப்பினோம். இழுத்தோம், தேய்த்தோம், எல்லாம் தேறியது. ஈரம் உள்ளே போகுமா என்று பார்ப்பதற்கு மட்டும் விதி இல்லை. மூன்றாவது வாரம் ஒரு தாய் பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "மேடம், இது சத்தம் போடல. ஆனா வளந்துகினு கீது" என்றாள். பாட்டிலுக்குள் பச்சைப் பசேலென்று நாற்றங்கால். அதைப் பொம்மைக் கணக்கிலிருந்து நீக்கப் பதிவேட்டில் மூன்று காரணங்களுக்குத்தான் இடம் உண்டு: உடைந்தது, தொலைந்தது, தேய்ந்தது. விமலா மேடம் நெடுநேரம் யோசித்து, நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, "முளைத்தது" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து அவரை நான் நேசிக்கத் தொடங்கினேன்.

இனி, எழுதச் சொன்னவள் கேட்காத கதைக்கு வருகிறேன்.

பொம்மைப் பையோடு வாரம் ஒரு செயல்பாட்டுத் தாளும் வீட்டுக்குப் போகும். தலைமையிடத்தில் அச்சாகி வரும். பதினான்காம் தாள் கயிறு கோர்த்தல். "தடித்த அட்டை ஒன்றை எடுத்து ஓட்டைகள் இடவும். குழந்தை ஓட்டைகள் வழியாகக் கயிற்றை நுழைத்து வாங்கட்டும். பிறகு வண்ணம் தீட்டட்டும். முடித்த படைப்பை மையத்தின் சுவரில் காட்சிக்கு வைக்கவும்." விரலுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றும் நாட்களில் யாராவது என்னை வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கலாம்.

ஆரணியின் பட்டு நெசவுத் தெருவில் ஓட்டை போட்ட அட்டை இல்லாத வீடு ஏது? தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு முறை ஓடினால் ஓர் அட்டை நகரும். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும். அப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசையாக நகர்ந்தால் புடவையில் ஒரு மயில் வந்து நிற்கும். ஓடி முடித்த அட்டைகளை வீடுகளில் விசிறியாக, சட்டி மூடியாக, அடுப்பு ஊதும் தட்டியாகப் பார்த்திருக்கிறேன். எனவே தாளின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "ஆரணி மையங்களுக்கு மட்டும்: புதிதாக ஓட்டை இடத் தேவையில்லை. வீட்டில் உள்ள பழைய தறி அட்டைகளைப் பயன்படுத்தலாம்." கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, நகல் எடுத்து அனுப்பினேன். பழைய என்ற சொல்லை எழுதியிருக்கிறேன் பாருங்கள். முன்யோசனைக்காரி நான்.

வெள்ளிக்கிழமை நெசவுத் தெரு மையத்துக்குப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது குழந்தைகள், அறுபதுக்கு மேற்பட்ட அட்டைகள். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கம்பளி நூல் கோர்த்து, வண்ணம் அப்பி, சுவர் முழுக்க ஒரே திருவிழா. மையத்தின் பணியாளர் கஸ்தூரி, எல்லோருக்கும் டீச்சர், ஒவ்வோர் அட்டையின் கீழும் பெயரும் வயதும் எழுதி ஒட்டியிருந்தாள். கதவு நிலையில் ஓர் அட்டை மீனாக வெட்டப்பட்டு நூலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் படம் எடுத்து, "உள்ளூர் வளங்களின் சிறந்த பயன்பாடு" என்று தலைப்பிட்டு அனுப்பினேன்.

அடுத்த புதன்கிழமை காலை அதே மையத்தில் நான் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். லுங்கி, பனியன், கையில் என்னுடைய செயல்பாட்டுத் தாள். பின்னால் அவர் மனைவி செல்வி. அவளை எனக்குத் தெரியும். தவளைத் தாவலில் தெருவிலேயே முதல் ஆள். அன்று அவள் தலை நிமிரவில்லை.

"மேடம், இது ஒங்க கையெழுத்துதானே?" என்றார் அவர். பெயர் மோகன், நெசவாளர்.

"ஆமாங்க."

"அப்ப என் மயிலைக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கிருந்த குழந்தை நாற்காலியில், அரை அடி உயரத்தில், உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஓர் அட்டைச் சரம், முந்திக்கு, அதாவது முந்தானைக்கு, வேறு சரம். முந்தி கடைசியில்தான் நெய்யப்படும் என்பதால் அந்த அட்டைகள் அதுவரை பரணில் கிடக்கும். கோர்த்த கயிறு இற்றுப்போயிருந்ததால் அவிழ்த்துத் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தார். அன்று காலை முந்திக்காகப் பரணிலிருந்து கட்டை இறக்கினால் எண்பது முதல் தொண்ணூற்றொன்று வரை பன்னிரண்டு அட்டைகள் இல்லை.

"ஓரமெல்லாம் கறுத்துப் போய், எலி கடிச்சு, தூசியா கெடந்துச்சு மேடம்" என்றாள் செல்வி மெதுவாக. "பழசுன்னு போட்டிருந்தீங்க. அதான் பாப்பாவுக்கு எடுத்துக் குடுத்தேன்."

"பழசுன்னா வேண்டாததுன்னு யாரு சொன்னது?" என்றார் மோகன். அவளிடம் இல்லை, என்னிடம். "நல்லா ஓடற டிசைனுதான் மேடம் அழுக்காவும். ஓடாத டிசைனு இன்னிக்கும் வெள்ளை வெளேர்னு பொட்டில கீது. இந்த ஜோடி மயிலு எத்தினி கல்யாணம் பாத்துகீது தெரியுமா?"

ஓர் ஊரில் பல வருடம் சுற்றியும் ஒரு தறிக்காரரிடம் இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் அலுவலகத்தில் அழுக்கானது கழிவு. அவர் வீட்டில் அழுக்கானதுதான் சோறு.

"அட்டை மொதலாளியோடது" என்று தொடர்ந்தார். "வெள்ளிக்கெழமை காலைல புடவையை வாங்க வராரு. பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு நாள் சொல்லிட்டாரு. அட்டை போச்சுன்னு தெரிஞ்சா தறில கீற பாவு நூலையும் அட்டையையும் அவுத்துகினு போயி வேற தறில மாட்டிடுவாரு. போன வருசம் எதிர் வூட்டுல அப்பிடித்தான் பண்ணாரு. எனக்கு இந்த ஒரு தறிதான் மேடம். அதுவும் சும்மா நின்னா நான் இன்னா பண்றது?"

செல்வி சேலை முனையைத் திருகிக்கொண்டே இருந்தாள். கணவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

நான் விமலா மேடத்துக்குத் தொலைபேசினேன். முழுக்கக் கேட்டார். "பழைய அட்டைன்னு எழுதினது யாருங்க?"

"நான்தாங்க மேடம்."

"அப்படிங்களா."

தீர்ப்பு. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "எல்லாத்தையும் சுவத்துல இருந்து எடுங்க. நூலை உருவுங்க. யாரும் கத்திரிக்கோல் எடுக்கக் கூடாது" என்றார்.

அறுபது அட்டைகள் தரையில் குவிந்தன. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் எண் உண்டுதான். ஆனால் குழந்தைகள் மூலையைத்தான் முதலில் பூசுவார்கள் என்பது கல்விசார் உண்மை. எண்கள் எல்லாம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் போயிருந்தன. கஸ்தூரி ஒட்டிய பெயர்ச் சீட்டும் உதவவில்லை. செல்வியின் மகள் நிவேதாவின் பெயரில் இருந்தது கதவு நிலையில் ஆடிய மீன் ஒன்றுதான்.

"பாப்பா, பன்னெண்டு அட்டை எடுத்துகினு வந்தியே, மீதி எங்க?" என்றார் மோகன்.

நிவேதாவுக்கு நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பார்வை மட்டும் வக்கீல் பார்வை. "குடுத்துட்டேன்" என்றாள்.

"யாருக்கு?"

"அட்டை இல்லாதவங்களுக்கு." அரிசி ஆலையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வீட்டில் தறி ஏது? அவர்களுக்குத் தந்திருக்கிறாள். தானம் என்று நெகிழத் தொடங்கினேன். அவளே தெளிவுபடுத்தினாள். "சும்மா குடுக்கல. தீபக்கு முறுக்கு குடுத்தான்."

"அப்ப ஒன்னு தீபக்கு" என்று விமலா மேடம் குறித்துக்கொண்டார். தாளில் கோடு போட்டு, பெயர், பெற்ற பொருள் என்று இரண்டு கட்டம்கூட வரைந்துவிட்டார்.

"சங்கவி பாதி கொய்யாக்கா. ரித்திகா ரெண்டு அட்டைக்கு வளையலு போட்டுக்கக் குடுத்தா, அப்பறம் புடுங்கிக்கினா. மணிக்கு ஒன்னு."

"மணி இன்னா குடுத்தான்?" என்றார் மோகன்.

"முட்டில அடிபட்ட புண்ணைக் காட்டினான்."

விமலா மேடம் நிதானமாக எழுதினார்: மணி, புண் பார்வையிடல். இப்படியே பட்டியல் பதினொன்று வரை போனது. என்னால் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மோகன் தன் வாழ்க்கையைத் தரையில் தேடிக்கொண்டிருக்கும்போது சிரிப்பது முறையல்ல. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கடன் பெற்றவர்களை அழைத்தோம். எல்லோரும் தங்களுடையதை எடுத்துத் தந்தார்கள். சிலர் தங்களுடையதல்லாத அழகானதை எடுத்துத் தந்தார்கள். எனவே சரிபார்க்க வேண்டியிருந்தது. மோகன் வழி சொன்னார். மயில் ஒரே ஓட்டத்தில் வளராது. அடுத்தடுத்த அட்டைகளில் ஓட்டைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மாறும். அவரிடம் எழுபத்தொன்பதாம் அட்டை இருந்தது. அதன்மேல் எதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலான ஓட்டைகள் வழியாக வெயில் தெரிகிறதோ அதுதான் எண்பது. பிறகு எண்பதின்மேல் அடுத்தது.

நிழலையும் உருவத்தையும் பொருத்தும் விளையாட்டு எங்கள் பையில் வருடக்கணக்காக இருந்தது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். "ஒட்டுது டீச்சர்." "ஒட்டல, நீ தலகீழா புடிச்சிகினு கீற." "எனக்குத்தான் நெறைய வெயிலு வருது." கஸ்தூரி ஒருத்தியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவன் அவள் காலைப் பிடித்துத் தொங்க, மோகன் ஒவ்வோர் அட்டையையும் வாங்கி விரலால் தடவி, ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். மதிய உணவு ஒரு மணி நேரம் தாமதம். அதற்கும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினோம்: "மயில் தேடப்பட்டது."

இரண்டு மணிக்குப் பதினோரு அட்டைகள் தேறின. பன்னிரண்டாவது, எண்பத்தெட்டு, கதவு நிலையில் மீனாக ஆடிக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்த துண்டுகள் வெள்ளிக்கிழமையே குப்பை வண்டியில் போய்விட்டன.

"மூல வரைபடம் இருக்குமே" என்றார் விமலா மேடம்.

"அது மொதலாளிகிட்டதாங்க கீது. போய்க் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு."

"கேட்டா சொல்லுங்க. நம்ம தப்பை நாமதான் சொல்லணும்." என்னைப் பார்த்தார். "நீங்க எழுத்துல சொல்லுங்க. ரெண்டு பிரதி."

"அட்டையைச் சரிபண்ணிட்டா சொல்ல வேண்டியது வராதுங்களே மேடம்" என்றேன்.

"அப்படிங்களா" என்று எழுந்துகொண்டார். அவர் வேறு எதுவும் சொல்லாததால், நான் எனக்குச் சாதகமாக ஒரு துணை விதியை வகுத்துக்கொண்டேன். கடிதம் எழுதுவேன். முதலாளி கண்டுபிடித்தால் மட்டும் கொடுப்பேன்.

மோகன் வீட்டில் கிழிந்த அட்டைக்குப் பதில் புதியது அடிக்க இரும்புத் தகடும் உளியும் இருந்தன. வெற்று அட்டையின்மேல் மீனை வைத்தோம். மீனின் உடம்பில் இருந்த ஓட்டைகளை அப்படியே குறித்துக்கொள்வது, வெட்டுப்பட்டுப் போன பகுதிக்கு எண்பத்தேழையும் எண்பத்தொன்பதையும் பார்த்துத் தீர்மானிப்பது. பென்சிலை நான் வாங்கிக்கொண்டேன். கட்டத்துக்குள் புள்ளி வைப்பதில் எனக்கு முப்பத்தொரு வருட அனுபவம் என்று மோகனிடம் சொன்னேன். அவர் நம்பினார். மீனை நான்கு முறை சரிபார்த்தேன். ஓர் ஓட்டை வரிசையை விட்டுக் கொஞ்சம் விலகி இருந்தது. அட்டை பழசு, நைந்திருக்கும் என்று அருகில் இருந்த சரியான இடத்தில் புள்ளி வைத்தேன். மோகன் அடித்தார். அன்று மாலையே முந்தி தொடங்கிவிட்டது. தெருவில் நடந்து போகும்போது அந்தத் தறியின் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மோகன் ஆள் அனுப்பினார், நானும் இருக்க வேண்டுமாம். போனேன். கைப்பையில் கடிதம், இரண்டு பிரதி. புடவை தறியிலிருந்து அறுத்து மடித்துத் தயாராக இருந்தது. செல்வி உள்ளறைக் கதவுக்குப் பின்னால். நிவேதா மட்டும் வெளியே, மீனைக் கையில் பிடித்துக்கொண்டு. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லி வாங்கியிருந்தாள்.

முதலாளி ஏகாம்பரம் ஒரு காலத்தில் தானே தறியில் உட்கார்ந்தவர். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாயில் புடவையை விரிக்கச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து மடக்குக் கண்ணாடியை எடுத்தார். உடலைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். முந்திக்கு வந்தார். எதிரெதிரே இரண்டு மயில்கள், ஜரிகையில், அவ்வளவு லட்சணம். நான் மூச்சு விட்டேன்.

அவருடைய கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கீழே இறக்கினார். பக்கத்து மயிலுக்குப் போனார். திரும்ப முதல் மயிலுக்கு வந்தார்.

"மோகன், மயிலு வாயில இன்னாப்பா?"

மோகன் குனிந்தார். நானும் குனிந்தேன். மயிலின் அலகு நுனிக்குச் சற்று முன்னால், கடுகில் பாதி அளவுக்கு ஒரு ஜரிகைப் புள்ளி. ஒரே அட்டைதான் இரண்டு மயிலுக்கும் என்பதால் எதிர் மயிலுக்கும் அதே இடத்தில் ஒன்று.

"இந்த டிசைனை எனக்குத் தெரியும்ப்பா. இதுல இங்க ஒன்னும் கெடையாது."

என் துணை விதியின்படி நேரம் வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து இரண்டு பிரதிகளையும் நீட்டினேன்.

"இன்னாம்மா இது?"

"விளக்கம்ங்க. பொருள்: செயல்பாட்டுத் தாள் எண் பதினான்கு தொடர்பாக—"

"அது மீனோட கண்ணு" என்றாள் நிவேதா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். கையிலிருந்த மீனை முதலாளியிடம் நீட்டினாள். "கண்ணு இல்லாம மீனு எப்பிடிப் பாக்கும்? நான்தான் பென்சிலால குத்தினேன்."

வரிசையை விட்டு விலகியிருந்த ஓட்டை. நான்கு முறை சரிபார்த்து, நகர்த்தி, புள்ளி வைத்து, அனுபவத்தோடு அடிக்கச் சொன்ன ஓட்டை. தரை பிளந்தால் போகலாம் என்றிருந்தது. நெசவாளர் வீட்டுத் தரையில் தறிக்குழி வேறு தயாராகவே இருந்தது.

முதலாளி மீனை வாங்கி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது எம்பத்தெட்டா?"

"ஆமாங்க மொதலாளி" என்றார் மோகன். "புதுசு நான்தான் அடிச்சேன்."

"குறி போட்டது நான்" என்றேன்.

"நான்தாங்க பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தேன்" என்று செல்வி கதவுக்கு வெளியே வந்துவிட்டாள். "அவருக்குத் தெரியாது."

"அந்த அட்டைக்கு எனக்கு யாரும் ஒன்னும் குடுக்கல" என்றாள் நிவேதா, அவள் கணக்குப்படி.

முதலாளி கடிதத்தைப் படிக்காமலே நான்காக மடித்துக் கண்ணாடியோடு பைக்குள் வைத்தார். மீனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் அந்த இரண்டு மயில்களையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. செல்வி எண்ணியிருப்பாள்.

"மயிலுங்களுக்கு ஆளுக்கு ஒரு நெல்லு போட்டுகீறீங்க" என்றார் கடைசியில். "பொண்ணு வூட்டுல நானே காட்டிச் சொல்லிடறேன். புடிச்சா எடுத்துக்கட்டும்." புடவையை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அடுத்த புடவைக்கு அந்த ஓட்டையை அடைச்சுடு."

"அடுத்த புடவைங்களா?" என்றார் மோகன்.

"மூணு புடவைக்குப் பாவு குடுத்துகீறேன், ஒன்னுதானே வந்துகீது? மீதி ரெண்டை யாரு நெய்வா, இந்த மேடமா?"

மோகன் அதற்குள் தறிக்குழியில் இறங்கி, காலால் மிதியைத் தேடிக்கொண்டிருந்தார்.